அழுக்குப் படிகம்

மார்ச் 4, செவ்வாய்

படிகத்தைக் குளிரவைக்கும் திரவ ஹீலியம் இன்றும் வரவில்லை. பெங்களூரை விட்டுக் கிளம்பியாயிற்று என்று வெள்ளிக்கிழமையே சொன்னார்கள். ஓட்டுநருக்குப் போன் செய்தால் "ஓசூர் தாண்டிட்டேன் சார்" என்கிறான். நேற்றும் ஓசூரைத்தான் தாண்டினான். தாமதமாக ஆக உள்ளே ஹீலியம் கொதித்துக் காற்றோடு போய்க்கொண்டிருக்கும் என்று விளக்கினேன். "கொதிக்கிற சத்தமே இல்ல சார், மூடி இறுக்கமாத்தான் இருக்கு" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

பெர்சிஸ் வந்துவிட்டாள். என்னிடம் ஆறாவது ஆண்டாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் நாசரேத்துப் பெண். ஒரே படிகத்தை ஐந்து துண்டாக வெட்டி எடுத்துப்போய், நான்கு துண்டுகளின் மேல் வெவ்வேறு அளவில் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். அந்த எந்திரம் சௌரிராஜன் இயக்குநராக இருக்கும் நிறுவனத்தில் இருக்கிறது. வேறு எங்கும் தேதி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அங்கே அனுப்பியிருக்க மாட்டேன்.

"சௌரிராஜன் சார் உங்கள ரொம்ப விசாரிச்சாங்க சார்."

"படிகம் பத்திரமா இருக்கா?"

"அவங்களே கேண்டீன் வரைக்கும் வந்து..."

"படிகத்தைக் கேட்டேன்."

பத்திரமாக இருக்கிறதாம்.

மார்ச் 6, வியாழன்

ஹீலியம் வந்தது. முக்கால் கலன்தான் மிச்சம். கையெழுத்துப் போடும்போது ஓட்டுநர், "சொன்னேன்ல சார், மூடி இறுக்கம்" என்றான்.

சாப்பிடும்போது கோமதி கேட்டாள். என் மனைவி, பள்ளியில் வணிகவியல் எடுப்பவள். "அந்த சௌரிராஜன் பேரச் சொல்லாம இந்த வாரம் நீங்க ஒரு வேளை சாப்பிடல. அப்படி என்னதான் தகராறு?"

சொன்னேன். சில பொருள்களை மிகவும் குளிரவைத்தால் மின்சாரம் ஓடுவதற்கு உள்ள தடை அறவே போய்விடும். அவைதான் மீகடத்திகள். எலெக்ட்ரான்கள் ஜோடி சேர்வதால் அப்படி ஆகிறது. எங்கள் பொருள் இரும்பும் ஆர்சனிக்கும் கலந்த கரிய தகடு. அதில் எலெக்ட்ரான்கள் இரண்டு பட்டைகளில், இரண்டு கூட்டமாக இருக்கின்றன. ஒவ்வொரு பட்டையிலும் ஜோடியின் பிணைப்புக்கு ஓர் அளவு உண்டு, ஒரு குறியும் உண்டு. அளவைக் கருவியில் பிடித்துவிடலாம். குறி அகப்படாது. இரண்டு பட்டைக்கும் ஒரே குறி என்பது என் கட்சி. ஒன்று பிளஸ், மற்றது மைனஸ் என்பது அவன் கட்சி.

"தொகை தெரியும். வரவா செலவானு தெரியாது. அதானே?"

"கிட்டத்தட்ட."

"இதுக்கா பதினாலு வருசமாப் பேச்சுவார்த்தை இல்ல?"

"இது சின்ன விஷயம் இல்ல."

"சின்ன விஷயம்னு நான் சொன்னேனா? ரசம் ஊத்தவா?"

ஊற்றினாள். "அப்ப எப்படித்தான் கண்டுபிடிப்பீங்க?"

எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சியோ வேறு உலோகம் கலந்தோ படிகத்துக்குள் குறைகளை உண்டாக்க வேண்டும். எங்கள் தொழிலில் அதை அழுக்கு என்போம். அழுக்கில் மோதிய எலெக்ட்ரான் ஒரு பட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இரண்டும் ஒரே குறி என்றால் ஒரு சேதமும் இல்லை. எதிர்க்குறி என்றால் பிளஸ் போய் மைனஸில் விழுந்து ஜோடிகள் உடையும். மீகடத்தல் தொடங்கும் வெப்பநிலை கீழே இறங்கும். அவ்வளவுதான் சோதனை. அழுக்கைச் சேர், வெப்பநிலையைப் பார்.

"அழுக்கா?" என்று நிமிர்ந்தாள். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன். தெருமுனையில் வண்டிக்காரர் வந்ததிலிருந்து அங்கே கொடுத்துவிடலாம் என்று கோமதி சொல்கிறாள். வேண்டாம். கழுத்துப்பட்டை எப்படி நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். துறையில் என் வெள்ளைச் சட்டையைப் பற்றிக் கேலி உண்டு என்பதும் தெரியும்.

கோமதியிடம் முழுதாகச் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன், ஆய்வு சம்பந்தப்பட்டது என்பதால். 2011 மாநாடு. நான் வளர்த்த படிகங்களில் துத்தநாகத்தைச் சேர்த்துக்கொண்டே போனேன். மீகடத்தும் வெப்பநிலை பதினைந்து கெல்வினில் அப்படியே நின்றது. அழுக்குக்கு அசையவில்லை என்றால் ஒரே குறி. இதைவிட நேரான வாதம் கிடையாது. கேள்வி நேரத்தில் சௌரிராஜன் எழுந்தான். கல்லூரி விடுதியில் ஐந்து வருடம் ஒரே அறையில் இருந்தவன். "எங்கள் படிகம் இருபத்தாறு கெல்வினில் மீகடத்தியாகிறது, உங்களுடையது பதினைந்தில். உங்கள் படிகம் முதலிலேயே அழுக்கு" என்றான். கலவை விகிதம் வேறு என்று பதில் சொன்னேன். சரியான பதில்தான். எவனும் கேட்கவில்லை. அதன்பிறகு என் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்களைவிட, பெயர் சொல்லாமல் இடித்தவர்களே அதிகம்.

அறிவியலில் கருத்து வேறுபாடு சகஜம். அதற்காக எனக்கு வருத்தம் கிடையாது.

மார்ச் 13, வியாழன்

முதல் இரண்டு துண்டுகள் முடிந்தன. கற்றை படாத துண்டு: இருபத்தாறு. கொஞ்சம் கற்றை பட்டது: இருபத்திரண்டு.

இறங்கியிருக்கிறது.

வெப்பமானியைச் சந்தேகப்பட வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

வெப்பமானி சரியாகத்தான் இருக்கிறதாம். வேறொன்றை மாட்டச் சொன்னேன்.

மார்ச் 18, செவ்வாய்

தர ஆய்வுக் குழு வருகிறது. துறைத்தலைவர் தேவசகாயம் என்னைத் தோட்டக் கமிட்டியில் போட்டிருக்கிறார். இயற்பியல் துறை வாசலில் நாற்பது பூந்தொட்டிகள். அவற்றுக்கு ஊற்றும் தண்ணீரும் எங்கள் கம்ப்ரஸரைக் குளிரவைக்கும் தண்ணீரும் ஒரே குழாய். இன்று காலை தோட்டத்தில் குழாயைத் திறந்தார்கள். இங்கே அழுத்தம் குறைந்து கம்ப்ரஸர் நின்றது. நாலு நாள் குளிரவைத்தது நாலு மணி நேரத்தில் சூடாகிவிட்டது.

தேவசகாயத்திடம் போனேன்.

"செல்வம், ரெண்டு வாரம் பொறுத்துக்கங்க. செவ்வந்தி வாடிருச்சுனா மார்க் போயிரும்."

"மீகடத்தி வாடினா?"

"அது வெளிய தெரியாதுல்ல."

மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 24, திங்கள்

மூன்றாவது துண்டு: பதினேழரை. வெப்பமானி மாற்றியாகிவிட்டது, மின்கம்பி இணைப்புகளை மறுபடி ஒட்டியாகிவிட்டது. இறங்கிக்கொண்டே இருக்கிறது. கற்றை பாய்ந்தபோது அங்கே படிகத்தைச் சரியாகக் குளிரவைத்திருக்க மாட்டார்கள், சூட்டில் கெட்டிருக்கும் என்றேன்.

"நான் பக்கத்துலயேதான் இருந்தேன் சார். நைட்ரஜன் நானேதான் ஊத்தினேன்."

"ஒரு துண்டை வச்சு முடிவு கட்ட முடியாது. திரும்ப ஒரு படிகம் வளத்து, திரும்ப வெட்டி..."

"சார், ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள கட்டுரை பத்திரிகைக்குப் போகலைன்னா என் பதிவு காலாவதி. ஆறு வருசமும் போயிரும். புதுப் படிகத்துக்கு ரெண்டு மாசம் ஆகும். உங்களுக்கே தெரியும்."

தெரியும்தான். ஆனால் அறிவியலுக்குப் பதிவுத் தேதி தெரியாது என்றேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"உங்களுக்குக் கோவம் கிராஃப் மேலயா சார், சௌரிராஜன் சார் மேலயா?"

இதை எந்த மாணவியும் என்னிடம் கேட்டதில்லை. பேச்சை மாற்ற, இவ்வளவு சுத்தமான படிகத்தை வளர்க்க எங்கே கற்றாய் என்று கேட்டேன். என் உலையில் எனக்கு இருபத்தாறு கெல்வின் வந்ததே இல்லை.

"நீங்க அனுப்பினதுதான் சார். முதல் வருசம். அவங்க கட்டுரை ஒண்ணு அனுப்பி, 'இந்தக் குப்பையைப் பார்'னு எழுதியிருந்தீங்க. பாத்தேன். அதுல கடைசிப் பக்கத்துல செய்முறை இருந்துச்சு. உலையை ஒரு வாரம் மெதுவா ஆற விடணும்னு."

நான் கடைசிப் பக்கம் வரை படித்ததில்லை. படித்திருந்தாலும் பயனில்லை, அந்நாளில் மின்வெட்டு இல்லாமல் உலையை ஒரு நாள் ஓட்டுவதே பெரும்பாடு.

மார்ச் 25, செவ்வாய்

கட்டுரையின் முன்வரைவு மேசைமேல் இருக்கிறது. என் கையெழுத்தில்லாமல் அது எங்கும் போகாது. தொடவில்லை. தோட்டக் கமிட்டி வேலை இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

ஒன்பது சட்டைகள். கோமதி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தினாள்.

"அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு" என்றாள். "அழல. அழுதிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். சார் நல்லா சாப்பிடுறாங்களானு கேட்டுச்சு."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"எனக்கு வரவு செலவுதான் புரியும்." இன்னொரு தாளை எடுத்தாள். "அந்த ஆளு ஒரு சொல்லுச் சொன்னான்னு அந்தப் பொண்ணு வருசத்தப் புடிச்சு வச்சிருக்கீங்க."

எந்தச் சொல் என்று நான் இவளிடம் சொன்னதே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவும் இல்லை. சட்டைக் கை ஒன்று கருகிவிட்டது.

எழுதியே விடுகிறேன். அரங்கில் அவன் சொன்னது பாதிதான். மீதியைத் தேநீர் இடைவேளையில் சொன்னான், தமிழில், விடுதியில் என்னைக் கூப்பிட்ட பெயரைச் சொல்லி, மூன்று தமிழர்கள் சுற்றி நிற்க. "உன் படிகம் அழுக்குடா மாரி. நன்னா தோச்சுண்டு வா." மூவரும் சிரித்தார்கள். அவர்களுக்கு என் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவனுக்குத் தெரியும். அப்பா விடுதிக்கு வந்திருக்கிறார். அப்பாவின் தொழிலை வைத்துப் பள்ளியில் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை, ஒரு பலவீனமான நாளில், நானே அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 2, புதன்

தர ஆய்வுக் குழு வந்து போனது. செவ்வந்தியைப் பாராட்டினார்கள். எங்கள் ஆய்வகக் கதவை ஒருவர் திறந்தார், சத்தமாக இருக்கிறது என்று மூடிவிட்டார்.

தண்ணீர் அழுத்தம் திரும்பிவிட்டது. நான்காவது துண்டு, அதாவது மூன்றாவது துண்டைப்போல் இரு மடங்கு அழுக்கு: பதினைந்து.

எதிர்பார்த்தது பத்து, பதினொன்று.

ஏப்ரல் 4, வெள்ளி

ஐந்தாவது துண்டு. எல்லாவற்றிலும் அழுக்கானது. பதினைந்து.

பெர்சிஸ் இரண்டு முறை அளந்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். இம்முறை வெப்பமானியைச் சந்தேகப்பட்டது அவள்தான். இருக்கும் வெப்பமானிகளில் இது மூன்றாவது. எனக்கு அதன்மேல் சந்தேகமே வரவில்லை.

"இறங்கி இறங்கி, ஒரு இடத்துல நின்னுருச்சு சார். இதுக்கு மேல எவ்வளவு சேத்தாலும் அசையல."

பிறகு மிகக் குறைந்த வெப்பநிலையில், காந்தப்புலம் படிகத்துக்குள் எவ்வளவு ஆழம் நுழைகிறது என்று அளந்தோம். இரண்டு பட்டையிலும் பிணைப்பு உறுதியாக இருந்தால் கோடு தட்டையாக வரும். ஏதாவது ஒன்றில் பிணைப்பு பூஜ்யத்தை நெருங்கினால் கோடு சரியும். முதல் துண்டு தட்டை. மூன்றாவது துண்டு சரிவு. ஐந்தாவது மறுபடி தட்டை.

வேறு அர்த்தமே இல்லை. சுத்தமான படிகத்தில் ஒரு பட்டை பிளஸ், மற்றது மைனஸ். அழுக்கு சேரச்சேர அந்த மைனஸ் தேய்கிறது, பூஜ்யமாகிறது, மறுபக்கம் பிளஸாக எழுந்து வருகிறது. அதன்பிறகு இரண்டும் ஒரே குறி. அழுக்கால் இனி அதை ஒன்றும் செய்ய முடியாது.

அவன் சொன்னது சரி. நான் சொன்னதும் சரி. இதைவிட எரிச்சலான முடிவை யாரும் திட்டமிட்டுக்கூடக் கொடுக்க முடியாது.

பெர்சிஸ் மெதுவாகக் கேட்டாள்: "சார், உங்க 2011 படிகம் ஏதாவது இருக்கா? அதையும் இதே கருவில வச்சு..."

"அதெல்லாம் எப்பவோ போயிருச்சு."

ஏப்ரல் 6, ஞாயிறு

அலமாரியைத் தேடியதில் கிடைத்தது. இரண்டாவது தட்டில், காந்தப் பெட்டிக்குப் பின்னால், பஞ்சில் சுற்றி, மருந்துப் புட்டியில். நல்ல வேளையாக ஈரம் படாமல் இருக்கிறது; போன தீபாவளிக்குத்தான் பஞ்சு மாற்றியிருந்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பெர்சிஸிடம் புட்டியைக் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்று கேட்காத அளவுக்கு நல்ல பெண்.

சாயங்காலம் அளந்தோம். பதினைந்து. தட்டைக் கோடு. அவளுடைய ஐந்தாவது துண்டின் கோட்டின் மேல், ஒரு முடி அளவு விலகாமல் வந்து உட்கார்ந்தது. கலவை விகிதத்தையும் சரிபார்த்தோம். சுத்தமானதற்கும் என்னுடையதற்கும் வித்தியாசமில்லை. கலவை வேறு என்று பதினாலு வருடமாகச் சொல்லிவந்தது வீண். ஆறவிடாமல், மின்வெட்டுக்கு மின்வெட்டு உலையிலிருந்து அவசரமாக எடுத்ததில் சேர்ந்த அழுக்கு அது.

"இது இல்லன்னா நம்ம கட்டுரை பாதிதான் சார்" என்றாள் பெர்சிஸ். "நான் கற்றையை வச்சு உண்டாக்கினது, உங்களுக்கு உலையிலயே வந்திருக்கு. செயற்கையா இல்லாம, தானா."

ஆறுதலுக்குச் சொல்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். அடுத்த படத்தின் அச்சுகளைக் குறித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 10, வியாழன்

அவனுக்குப் போன் செய்தேன். எந்திரம் அவனுடையது, முடிவைச் சொல்வது மரியாதை. அதற்காகத்தான்.

"யாரு? மாரியா? நீயாடா போன் பண்றே? யாராவது செத்துட்டாளா?"

"இன்னும் இல்ல."

முடிவைச் சொன்னேன். நடுவில் குறுக்கிடாமல் கேட்டான். அது அவன் வழக்கமில்லை.

"ஆக, நான் சொன்னது சரி" என்றான்.

"சுத்தமான படிகத்துக்கு."

"நீ சொன்னதும் சரி."

"அழுக்கான படிகத்துக்கு."

அந்தச் சொல்லை நானே சொல்லிவிட்டேன். வாய் ஒன்றும் வெந்துவிடவில்லை.

"சௌரி, அன்னிக்கு டீ குடிக்கிறப்ப என்கிட்ட என்ன சொன்னே, ஞாபகம் இருக்கா?"

"என்னிக்கு?"

"2011ல. மாநாட்டுல."

"டீ மகா மட்டமா இருந்தது. அது ஞாபகம் இருக்கு."

"'நன்னா தோச்சுண்டு வா'ன்னே."

"சொல்லியிருப்பேன்டா. அழுக்குன்னா தோய்க்கச் சொல்றது. என் பசங்ககிட்ட இன்னிக்கும் அதைத்தான்..." நின்றுவிட்டான். "உங்கப்பா" என்றான்.

"ஆமா."

"என் முதல் இண்டர்வியூவுக்கு அவர்தான் சட்டையைத் தேய்ச்சுக் குடுத்தார். நம்ம ரூம்ல. கரிப் பெட்டியைக் கையோட எடுத்துண்டு வந்திருந்தார்."

"தெரியும். நான் பக்கத்துலதான் நின்னேன்."

"நான் யோசிக்கலடா, மாரி."

"பதினாலு வருசம் நான் யோசிச்சேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நான் சுமந்தது அவனுக்கு ஞாபகமே இல்லை. வேண்டுமென்றே சொல்லியிருந்தாலாவது ஒரு கணக்கில் சேரும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இஸ்திரி போடவில்லை. முன்வரைவை எடுத்து உட்கார்ந்தேன். பெர்சிஸும் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே இருந்தாள் கோமதி.

படத்தில் என் பழைய படிகத்துக்கு அவள் போட்டிருந்த பெயர்: "உள்ளார்ந்த ஒழுங்கின்மை மிகுந்த முந்தைய மாதிரி". ஆங்கிலத்தில் இன்னும் நீளம், இன்னும் மரியாதை.

"இது என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா?"

"சார், வேற எப்படிப் போட..."

அடித்துவிட்டு, தொழிலில் எல்லாரும் சொல்லும் அந்த ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைப் பெரிதாக எழுதினேன். அழுக்கு. பக்கத்தில் என் பெயர், 2011.

பெர்சிஸ் தோசையை வைத்துவிட்டுப் பார்த்தாள். "சார், இத இப்படியேவா?"

"இப்படியே. கோடு தட்டையா நிக்கிற இடத்துல போடு. அங்கதானே அது இருக்கு. எவ்வளவு சேத்தாலும் அசையாத இடத்துல."

கோமதி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். தோசை தீயும் வாசனை வந்ததும் உள்ளே போய்விட்டாள்.

கையெழுத்துப் போட்டேன். ஆறு மணிக்குள் அனுப்பியும்விட்டாள். இணையம் இரண்டு முறை அறுந்தது, அது சொல்லவே வேண்டாம்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு விடுமுறை. கம்ப்ரஸருக்கு விடுமுறை இல்லை என்பதால் துறைக்குப் போனேன். பூந்தொட்டிகளில் ஊற்ற ஆளில்லாமல் செவ்வந்தி முழுக்கக் கருகியிருந்தது. மார்க் வாங்கியாகிவிட்டது, இனி என்ன.

சௌரிராஜனிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. "பெர்சிஸ் அனுப்பின கட்டுரை பாத்தேன். அந்தப் பேரை நீதான் போட்டேன்னு அவ சொன்னா. வேற என்ன எழுதறதுன்னு தெரியலடா. உன் பழைய படிகத்துல ஒரு துண்டு அனுப்புவியா? இங்கேயும் அளந்து பாக்கணும்."

தண்ணீர்க் குழாயை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். புட்டியை எடுத்து, பஞ்சைப் பிரித்து, ஒரு ஓரத்தை உடைத்தேன்.

பிறகு எழுதினேன்: "அனுப்புகிறேன். துவைக்காமல்தான் அனுப்புவேன்."